நியூட்ரலும் எர்த்தும் சேரும் இடம்: டிரான்ஸ்ஃபார்மர் வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேனல் கதவைத் திறந்தால் நியூட்ரல் பாருக்கும் எர்த் பாருக்கும் இடையில் ஒரு குட்டி லிங்க் போட்டிருக்கிறதா? அது சரியா தவறா என்பது அந்த பேனல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிய மெயின் பேனலில் அது இருக்க வேண்டிய இணைப்பாகவே இருக்கலாம். அதே லிங்க் நூறு மீட்டர் தள்ளி, மெஷின் ஷெட்டின் கிளை பேனலில் இருந்தால் கோளாறே அதுதான்.

"ரெண்டும் கடைசியில ஒரே இடத்துக்குத்தானே போகுது, இங்கேயும் சேர்த்தா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. இணைப்புகளில் மிகுதியான தவறுகள் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கின்றன. நியூட்ரல், தினமும் லோடு கரண்டைத் திருப்பிக் கொண்டுபோகும் வயர். எர்த், பழுது வரும் நொடியில் மட்டும் கரண்ட் சுமக்க வேண்டியது. டெல்டா–ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மரில் (சப்ளை வரும் பக்கச் சுருள்கள் முக்கோணமாகவும், வெளியே போகும் பக்கமான செகண்டரியின் சுருள்கள் நட்சத்திரமாகவும் இணைந்தது) செகண்டரியின் மூன்று சுருள்களும் கூடும் ஸ்டார் பாயின்ட் பக்கம் இரண்டும் ஒரே ஒரு முறை சேரும். அதைத் தாண்டி இன்னொரு இடத்தில் சேர்த்தால், திரும்பி வரும் கரண்ட் இரண்டாகப் பிரிந்து எர்த் ஸ்ட்ரிப், கேபிள் ட்ரே, தண்ணீர்க் குழாய் என்று கிடைத்த வழியிலெல்லாம் ஓடும். எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்க வேண்டிய எர்த் லீக்கேஜ் ரிலே காரணமில்லாமல் ட்ரிப் ஆகும். இல்லையென்றால் உண்மையான பழுதின்போது பேசாமல் இருந்துவிடும்.

"நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பூஜ்யம் வோல்ட், எர்த்திங் பிரமாதம்!" என்று மீட்டரைக் காட்டி மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பூஜ்யம்தான் உறுத்தும். மூன்று ஃபேஸிலும் லோடு சமமில்லாமல் ஓடும்போது, தொலைவில் உள்ள பேனலில் ஒன்றிரண்டு வோல்ட் காட்டுவதே இயல்பு. நியூட்ரல் வயரின் நீளத்தில் விழும் வோல்ட்டேஜ் அது. சுத்தமாகப் பூஜ்யம் என்றால், பக்கத்திலேயே இரண்டையும் யாரோ சேர்த்து வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.

அடுத்த தவறு, மெஷினுக்குத் தனியாக எர்த் பிட் (எர்த் எலக்ட்ரோடு புதைக்கும் குழி) தோண்டிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் எர்த்துடன் வயரால் சேர்க்காமல் விடுவது. மண்ணே கரண்டைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்ற நம்பிக்கை. கணக்கைப் பாருங்கள். மெஷின் பிட் 5 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பிட் 5 ஓம், மொத்தம் 10 ஓம். 230 வோல்ட் ஃபேஸ் பாடியைத் தொட்டால் ஓடும் கரண்ட் 23 ஆம்பியர். 63 ஆம்பியர் பிரேக்கருக்கு இது சாதாரண லோடு, அசையவே அசையாது. அதுவரை மெஷின் பாடியில் சுமார் 115 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். பிட் வேண்டும்தான், ஆனால் பிரேக்கரை விழவைப்பது ஸ்டார் பாயின்ட் வரை திரும்பிப் போகும் உலோகப் பாதை.

நியூட்ரலில் ஃபியூஸோ தனி சுவிட்சோ போடவே கூடாது. நியூட்ரல் அறுந்தால் ஸ்டார் பாயின்ட் இடம் பெயர்ந்துவிடும். லோடு குறைவாக உள்ள ஃபேஸில் 230 வோல்ட் சாதனத்துக்கு 400-ஐ நெருங்கும் வோல்ட்டேஜ் போகலாம். எலக்ட்ரானிக் லோடு நிறைய இருந்தால் நியூட்ரலைப் பாதி அளவு கேபிளில் இழுப்பதும் ஆபத்து. மூன்று ஃபேஸின் மூன்றாம் ஹார்மோனிக் கரண்டுகள் (சப்ளையைப் போல மூன்று மடங்கு அதிர்வெண்ணில் ஓடுபவை) நியூட்ரலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் கூடிவிடும். ஃபேஸ் கரண்டைவிட அதிகமாகவே வரக்கூடும்.

அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது: டெல்டா–ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிப் போட்டு, ஸ்டார் பக்கம் சப்ளை கொடுத்து வோல்ட்டேஜை ஏற்றுவது. நியூட்ரல் டெர்மினல் கண்ணெதிரே இருக்கிறதே என்று பழக்கதோஷத்தில் சப்ளை நியூட்ரலையோ எர்த்தையோ அதில் மாட்டிவிடுவார்கள். மாட்டினால் உள்ளே இருக்கும் டெல்டா, சப்ளை பக்கத்தின் சமமின்மை முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு சரிசெய்யப் பார்க்கும். வேறெங்கோ எர்த் ஃபால்ட் வந்தாலும் கரண்ட் இதன் வழியாகவும் பாயும். லோடே இல்லாமல் சூடேறும் டிரான்ஸ்ஃபார்மரின் பின்னால் பல நேரம் இந்த ஒரு வயர்தான் இருக்கும். அந்த டெர்மினலை எதிலும் சேர்க்காமல் இன்சுலேட் செய்து விடுங்கள். பாடி எர்த் மட்டும் கட்டாயம். இப்போது செகண்டரி டெல்டா என்பதால் அங்கே நியூட்ரலே கிடையாது. அந்தப் பக்கத்தை எர்த் செய்வதா, எப்படிச் செய்வது, இல்லையென்றால் இன்சுலேஷனைக் கண்காணிப்பது எப்படி என்பதைத் தனியாக முடிவுசெய்ய வேண்டும்.

பெயின்ட்டைச் சுரண்டாமல் எர்த் லக்கை முறுக்குவது, அலுமினியக் கேபிளைச் செம்பு பாரில் நேரடியாக வைப்பது ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் சார்ஜுக்கு, அதாவது முதன்முதலாக சப்ளை கொடுப்பதற்கு, முன் ஒரு சோதனை. சப்ளையை இரு பக்கமும் முழுவதும் துண்டித்து, கரண்ட் இல்லை என்று உறுதிசெய்து, சிங்கிள் ஃபேஸ் லோடுகளைக் கழற்றுங்கள். நியூட்ரல்–எர்த் லிங்க்கைத் திறந்து, மல்ட்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓம் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ இரண்டாவது இணைப்பு ஒளிந்திருக்கிறது. ஃபீடர்களின் (கிளை பேனல்களுக்குப் போகும் கேபிள்களின்) நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால், எதில் மீட்டர் ஏறுகிறதோ அங்கே இருக்கிறது. முடிந்ததும் லிங்க்கைத் திரும்பப் போட மறப்பதும் நடக்கும். கழற்றிய லிங்க்கை நான் மெயின் பிரேக்கர் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிடுவேன்.