மந்தமான ஆர்பிஎம் முள்ளை விரைவாக ஏற வைப்பது எப்படி

ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் சத்தம் ஏறிவிடுகிறது, ஆர்பிஎம் முள் மட்டும் பின்னாலேயே மெதுவாக வருகிறதா? பழைய அனலாக் டேக்கோமீட்டரில் இதற்குப் பெரும்பாலும் சர்க்யூட்டில் உள்ள ஒரு கெப்பாசிட்டர்தான் காரணம். இன்ஜின் கம்ப்யூட்டர் டிஜிட்டல் தகவலாக ஆர்பிஎம் அனுப்பும் புதிய கார்களில் முள்ளின் வேகத்தை மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. அவற்றுக்கு இந்த வழி உதவாது.

நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றும்போது இக்னிஷன் காயிலிலிருந்து இரண்டு துடிப்புகள் வரும். 800 ஆர்பிஎம் ஐடிலில் நொடிக்கு சுமார் 27 துடிப்பு, 6000-இல் 200. மீட்டருக்குள் இருக்கும் ஐசி இந்தத் துடிப்புகளை மின்னழுத்தமாக மாற்றுகிறது. எல்எம் 2917 என்ற ஐசியை எடுத்துக்கொள்வோம். அதன் 2-ஆம் காலில் (பின்) உள்ள சிறிய கெப்பாசிட்டரும் 3-ஆம் காலில் உள்ள ரெசிஸ்டரும் சேர்ந்து அளவீட்டை நிர்ணயிக்கின்றன. இந்த இரண்டையும் தொடவே கூடாது. தொட்டால் முள் தப்பான எண்ணைக் காட்டும். நாம் மாற்ற வேண்டியது, 3-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு, அந்த ரெசிஸ்டருக்கு இணையாக நின்று மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் ஃபில்டர் கெப்பாசிட்டரை மட்டும்தான். வேறு ஐசி என்றால் அதன் டேட்டாஷீட்டைப் பார்த்து இதே இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

அதை எவ்வளவு குறைக்கலாம்? ரெசிஸ்டர் 100 கிலோ ஓம், சிறிய கெப்பாசிட்டர் 0.01 மைக்ரோஃபாரட், ஐசியின் உள் சப்ளை சுமார் 7.5 வோல்ட் என்று வைத்துக் கணக்குப் போடலாம். ஃபில்டர் 10 மைக்ரோஃபாரட் என்றால் நேர மாறிலி (ரெசிஸ்டர், ஃபில்டர் கெப்பாசிட்டர் மதிப்புகளின் பெருக்கல்) 1 நொடி. முள் தன் இடத்தை நெருங்க அதைப்போல மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். 2.2 போட்டால் மாறிலி 0.22 நொடி; 1 போட்டால் 0.1. ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் மின்னழுத்தம் ஏறி இறங்குவதும் கூடவே அதிகமாகும். 10-இல் அது சுமார் 15 ஆர்பிஎம் அளவு, 2.2-இல் 70, 1-இல் 150, 0.47-இல் 300-க்கும் மேல். ஐடிலில்தான் துடிப்புகள் இடைவெளி விட்டு வருகின்றன, அதனால் முள் நடுங்குவதும் அங்கேதான் தெரியும். முள்ளின் எடையும் அதன் அச்சில் உள்ள சிலிகான் திரவமும் கொஞ்சம் தாங்கும், எல்லாவற்றையும் தாங்காது. இந்த மதிப்புகளுக்கு 2.2 நல்ல தொடக்கம். உங்கள் போர்டில் மதிப்புகள் வேறு என்றால், இருப்பதைப் பாதியாக்கிப் பாருங்கள், பிறகு மறுபடி பாதி.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு மீட்டர் கிளஸ்டரை வெளியே எடுங்கள். முள்ளைப் பிடுங்க வேண்டாம், பின்பக்கத்திலிருந்தே போர்டை எட்ட முடிந்தால் நல்லது. பழைய கெப்பாசிட்டரை எடுத்த இடத்தில் இரண்டு சிறிய கம்பிகளைச் சால்டர் செய்து வெளியே விட்டால், ஒவ்வொரு முறையும் போர்டைச் சுடாமல் பல மதிப்புகளை மாற்றிப் பார்க்கலாம். கடைசியாகப் போடுவது ஃபிலிம் வகையாக இருக்கட்டும். மின்கசிவுள்ள எலக்ட்ரோலிட்டிக் அந்த ரெசிஸ்டருக்கு இணையாக இன்னொரு ரெசிஸ்டர் போல நின்று, ஆர்பிஎம்மைக் குறைத்துக் காட்டும். டான்டலம் போட்டால் பிளஸ் முனை 3-ஆம் காலில் இருக்க வேண்டும்.

மேசையில் 12 வோல்ட் கொடுத்து, ஃபங்ஷன் ஜெனரேட்டரில் (வேண்டிய வேகத்தில் துடிப்பு தரும் கருவி) 27 ஹெர்ட்ஸிலிருந்து 133-க்கு ஒரே தாவலாக மாற்றுங்கள். முள் 4000-ஐ எட்டுவதை ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுத்து, ஃப்ரேம்களை எண்ணி பழைய கெப்பாசிட்டரோடு ஒப்பிடுங்கள். மதிப்பைக் குறைத்தும் வேகம் கூடவில்லை என்றால் தடை மின்சாரத்தில் இல்லை. அச்சில் கெட்டியாகிப்போன திரவத்திலோ, டயலில் உரசும் முள்ளிலோ இருக்கிறது. அச்சில் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உள்ளீட்டுப் பக்கத்து ரெசிஸ்டர், ஜீனர் டயோடு, சிறு கெப்பாசிட்டர்கள் அப்படியே இருக்கட்டும். காயிலில் எழும் நூற்றுக்கணக்கான வோல்ட் ஸ்பைக்கைத் தடுப்பவை அவைதான். அவற்றைக் குறைத்தால் ஒரே துடிப்பு இரண்டாக எண்ணப்படும், முள் திடீரென்று தாவும். கிளஸ்டரைத் திரும்ப மாட்டிய பிறகு ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டு ஐடிலில் பாருங்கள். முள் நடுங்கினால் கெப்பாசிட்டரை ஒரு படி பெரிதாக்குங்கள்.