பால்கனியில் வண்ண மிளகாய்

அழகுக்காகத்தான் வாங்கினேன். ஒரே கொத்தில் ஊதா, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று காய்கள் வானத்தைப் பார்த்து நிற்கும். சாப்பிடலாமா? தாராளமாக. நர்சரியில் பூச்சிமருந்து அடித்திருக்கலாம் என்பதால் முதல் காய்களை மட்டும் பறித்து எறிந்துவிட்டேன்.

பழுத்த காயின் விதையை நிழலில் உலர்த்தி, தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவையில் கால் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். 10 நாளில் முளை தெரியும். 6 இலை வந்ததும் 8 அங்குலத் தொட்டிக்கு மாற்றலாம். 6 மணி நேர வெயில் வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். நான் பாசத்தில் தினமும் ஊற்றி இரண்டு செடிகளை அழுகவிட்டவள்.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன் வேலை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள்.

அப்புறம் சமையல். இதில் ருசியைவிடக் காரம்தான் அதிகம், சாம்பாருக்கு வேண்டாம். காய்களைக் கீறி, உப்போடு வினிகரில் போட்டு ஃபிரிட்ஜில் ஒரு வாரம் ஊறவைப்பேன். தயிர்சாதத்துக்கு இரண்டு போதும். நறுக்கிய கையைக் கண்ணில் வைத்துவிடாதீர்கள். முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.