யாழ்ப்பாணத்தில் சமூக சேவை வேலையோடு சட்ட முதுமாணி படிப்பது எப்படி?

பிரதேச செயலகத்தில் சமூக சேவைப் பிரிவிலோ பெண்கள், சிறுவர் பிரிவிலோ இருக்கிறீர்கள், அல்லது ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. எல்எல்எம், அதாவது சட்ட முதுமாணி, செய்யலாமா என்று கனநாளாக யோசிக்கிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். பொலிஸ் நிலைய வாங்கில் ஒரு அம்மாவோடு அரைநாள் காத்திருந்தவர் சட்டத்தை வாசிக்கும்போது மற்றவர்களுக்குத் தெரியாத ஓட்டைகள் அவருக்குத் தெரியும், அந்தக் கண் இந்தப் படிப்புக்கு வேண்டும். ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே சில வேலைகளை முடித்துவிடுங்கள்.

படி 1: இது எதைத் தரும் என்று தெளிவாகுங்கள்

எல்எல்எம் முடித்தால் கோட் போட்டு வழக்குப் பேச முடியாது. சட்டத்தரணியாக வேண்டுமென்றால் இலங்கைச் சட்டக் கல்லூரிப் பரீட்சைகள், பயிற்சி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் என்று அது தனிப் பாதை. முதுமாணி தருவது வேறு: ஒரு சட்டத்தை முழுதாக வாசித்து, அது ஏன் எழுதப்பட்டது, எங்கே தடுக்கி நிற்கிறது என்று ஆதாரத்தோடு சொல்லும் பழக்கம். நீங்கள் நீதிமன்றத்துக்கு எழுதும் அறிக்கையிலேயே அந்த வித்தியாசம் தெரியும்.

படி 2: தகுதியையும் இடத்தையும் பாருங்கள்

பொதுவாக எல்எல்பி (சட்ட இளமாணி) பட்டமோ சட்டத்தரணித் தகுதியோ கேட்பார்கள். சமூகப்பணியிலோ சமூகவியலிலோ பட்டம் எடுத்தவர் என்றால் சோர வேண்டாம். திறந்த பல்கலைக்கழகத்தில் எல்எல்பி இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் அதற்குப் பிராந்திய நிலையம் உண்டு. வேறு பட்டதாரிகளையும் சேர்க்கும் மனித உரிமைகள் கற்கைநெறிகளையும் விசாரித்துப் பாருங்கள்.

தகுதி இருந்தால் கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட பீடம் ஒரு வழி. லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி எல்எல்எம்மை வீட்டிலிருந்தபடி ஐந்து வருடம் வரை நீட்டிச் செய்யலாம், ஆனால் கட்டணம் பவுணில். எதுவானாலும் காசு கட்டுவதற்கு முன் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்: எத்தனை வகுப்புக்கு நேரில் வர வேண்டும்? கொழும்பு இங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வெள்ளி இரவு பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்பவும் பஸ் ஏறி, திங்கள் காலை நேராகக் கந்தோருக்குப் போவதை ஒரு மாதம் தாங்கலாம், இரண்டு வருடம் தாங்குமா என்று உங்கள் உடம்பையும் வீட்டையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

படி 3: மணித்தியாலக் கணக்குப் போடுங்கள்

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பாடநெறி வழியிலான முதுமாணிக்குக் குறைந்தது 30 திறமைப்புள்ளிகள். ஒரு புள்ளி என்பது 50 மணித்தியால உழைப்பு. அதாவது 1500 மணித்தியாலம், இரண்டு வருடத்தில் பரப்பினால் கிழமைக்குப் பதினான்கு, பதினைந்து. ஆய்வும் சேர்ந்த முதுமாணி என்றால் 60 புள்ளிகள், உழைப்பு இரட்டிப்புக்குக் குறையாது. வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எல்லாம் இதற்குள்தான். பிள்ளையை ரியூசனுக்கு யார் ஏற்றி இறக்குவது, ஞாயிறு சமையல் யார் பொறுப்பு என்று இப்போதே வீட்டில் பேசி முடியுங்கள். பெண்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படாதீர்கள்.

படி 4: உங்கள் மேசையிலுள்ள சட்டத்தில் தொடங்குங்கள்

சேருவதற்கு முன்பே வாசிக்கத் தொடங்கலாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை எடுங்கள், சிறியது. இடைக்காலக் கட்டளை பெறலாம், பாதுகாப்புக் கட்டளை கூடியது 12 மாதம், சமூக சேவையாளரைக் கொண்டு ஆற்றுப்படுத்தும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் வேலையே சட்டத்துக்குள் எழுதப்பட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். முதுமாணி வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பிரிவாக வாசித்து, அப்புறம் அந்தப் பிரிவை உங்கள் சொந்த ஆங்கிலத்தில் இரண்டு வரியாக எழுதிப் பாருங்கள். ஆங்கில வகுப்புக்குக் காசு கட்டுவதைவிட இது உதவும் என்பேன்.

படி 5: ஆய்வுக் கேள்வியைத் தேடுங்கள்

இதில்தான் நீங்கள் மற்ற மாணவர்களைவிட முன்னால் நிற்கிறீர்கள், அதனால் அவசரப்படாமல் செய்யுங்கள். "பெண்களின் உரிமைகள்" என்று பெரிய தலைப்பை எடுத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், இன்றும் நமக்குப் பொருந்துகிறது. அதோடு சேர்ந்த 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியை, சீதனமாக வந்ததானாலும், விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால்? அதே சட்டம் ஒரு வாசலையும் வைத்திருக்கிறது: கணவன் இருக்கும் இடம் தெரியாவிட்டால், கைவிட்டுப் போயிருந்தால், நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெறலாம். சரி, வாசல் இருக்கிறது. அதைத் தட்டுவதற்கு எது தடையாக இருக்கிறது? செலவா, அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாததா, மனுவில் எழுதப்போகும் வார்த்தைகளைப் பார்த்து "அவர் இல்லை என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடுமே" என்ற பயமா? இப்படி ஒரு பிரிவு, ஒரு தடை, ஒரு மாவட்டம் என்று சுருக்கினால் அது ஆய்வு.

உங்களுடையதைக் கண்டுபிடிக்க ஒரு கொப்பி வையுங்கள். "சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் நடக்கவில்லை" என்று தோன்றும் ஒவ்வொரு இடத்தையும் ஆள் பெயர் இல்லாமல் ஒரு வரியில் குறியுங்கள். சில மாதத்தில் ஒரே தடை திரும்பத் திரும்ப வரும்.

படி 6: கோப்பைத் தொடாதீர்கள்

வேலைக்காக உங்களிடம் சொன்னதை ஆய்வேட்டில் எழுத உங்களுக்கு உரிமை இல்லை. பெயரை மாற்றினால் போதாது. நம் ஊரில் கோயிலடியையும் கணவனின் தொழிலையும் எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். நேர்காணல் வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை அனுமதியையும் நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதியையும் எடுங்கள். நீங்கள் உதவி வழங்கும் பெண்ணிடமே கேட்காதீர்கள். "மாட்டேன்" என்றால் உதவி நின்றுவிடுமோ என்று அவர் பயப்படுவார், அந்தச் சம்மதம் சம்மதமே இல்லை. வெளியான தீர்ப்புகள், சட்டத்தரணிகள், மற்ற உத்தியோகத்தர்கள் ஆகியோரை வைத்தே நல்ல ஆய்வு செய்யலாம்.

படி 7: லீவு

அரச உத்தியோகத்தர் என்றால் கல்வி லீவைப் பற்றித் தாபன விதிக்கோவையில் பாருங்கள், நிர்வாகப் பிரிவில் கேளுங்கள். சேரும்போதே மேலதிகாரிக்குக் கடிதம் கொடுத்து, கொடுத்த திகதியோடு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை அட்டவணை வந்த அன்றே லீவுக்கு எழுதுங்கள், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பரீட்சை விழுந்தால் இன்னும் முந்துங்கள், ஏனென்றால் அந்த 25 நாளிலும் கந்தோரில் எல்லோரும் லீவு கேட்பார்கள்.