மன்ரோ கவுண்டியில் வீடு தேடும் நம்மவர்களுக்கு: முதலில் ஆற்றைப் பாருங்கள்

செயின்ட் லூயிஸில் வேலை கிடைத்து வருகிறவர்களில் சிலர், அங்கே வீட்டு விலையைப் பார்த்துவிட்டு மிசிசிப்பியைத் தாண்டி இல்லினாய் பக்கம் வருகிறார்கள். மன்ரோ கவுண்டியில் கொலம்பியா, வாட்டர்லூ, அதற்கும் தெற்கே வால்மையர் வரை தேடுகிறார்கள். தாராளமாக வாருங்கள், நல்ல ஊர்கள். பிள்ளைகள் தெருவில் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டலாம். ஆனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஆற்றைப் பாருங்கள். என் நண்பர் ஒருவர் பார்க்கவில்லை. அந்தக் கோபம் ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் உரிமத்தைக் குடியேறிய 90 நாட்களுக்குள் எடுத்துவிடுங்கள். இல்லினாயில் அதைத் தருவது செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம். மெட்ரோலிங்க் ரயில் இந்தக் கவுண்டிக்குள் வராது, அதனால் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் இரண்டு கார் வேண்டும். ஆற்றைக் கடக்கக் கொலம்பியா பக்கம் ஜெபர்சன் பாரக்ஸ் பாலம் இருக்கிறது. அதை விட்டால் தெற்கே செஸ்டரில்தான் அடுத்த பாலம். நடுவில் மோடோக்கில் கார் ஏற்றிச் செல்லும் படகு ஒன்று உண்டு. ஆற்றில் தண்ணீர் ஏறினால் அதுவும் நின்றுவிடும். நம் கோயில் அக்கரையில், பால்வின்னில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போக நினைப்பவர்கள் பாலத்து நெரிசலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நிலத்துக்கு வருகிறேன். இந்தக் கவுண்டி இரண்டு தட்டாக இருக்கிறது. மேலே சுண்ணாம்புக்கல் மேடு, கீழே ஆற்றங்கரைச் சமவெளி. நடுவே மதில் மாதிரி நிற்கிற பாறைச் சரிவின் அடியில் பிளஃப் ரோடு போகிறது. கீழே இருக்கும் சமவெளிக்கு அமெரிக்கன் பாட்டம் என்று பெயர். வடக்கே ஆல்ட்டனில் தொடங்கித் தெற்கே கஸ்காஸ்கியா ஆறு வரை நீள்கிறது. மிசிசிப்பி இடம் மாறி மாறி ஓடிக் கொட்டிய வண்டல் அது. சோளமும் சோயாவும் அங்கே விளைவதைப் பார்த்தால் தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கண் நிறையும். அந்த மண் அவ்வளவு செழிப்பாக இருப்பதற்குக் காரணம் வெள்ளம்தான். வீடு வாங்க வருகிறவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இந்த ஆறு ஊர்களை என்ன செய்யும் என்பதற்குக் கஸ்காஸ்கியாவைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1703-ல் குடியேறிய ஊர் அது. 1818-ல் இல்லினாய் மாநிலமானபோது முதல் தலைநகரமும் அதுவே. 1881-ல் மிசிசிப்பி பழைய தடத்தை விட்டுப் பக்கத்திலிருந்த சிற்றாற்றின் தடத்தில் பாய்ந்தது. ஊரில் பெரும்பகுதி போயிற்று. மிஞ்சிய நிலம் ஆற்றுக்கு மேற்கே மாட்டிக்கொண்டது. இன்றைக்கும் அது இல்லினாயைச் சேர்ந்ததுதான், ஆனால் மிசௌரி வழியாகத்தான் போக வேண்டும். 2010 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 14 பேர்.

வால்மையர் கதை இன்னும் கிட்டத்தில் நடந்தது. 1909-ல் ஊரானது. 1940-களில் அடுத்தடுத்து மூன்று வெள்ளம் கண்டது. பிறகு வெள்ளத்தைத் தடுக்கும் கரையை (லெவி) உயர்த்திக் கட்டினார்கள், ஒரு தலைமுறைக்கு நிம்மதி இருந்தது. 1993 ஆகஸ்ட் 1 அன்று செயின்ட் லூயிஸில் ஆற்றின் மட்டம் 49.58 அடி, அங்கே 30 அடியைத் தொட்டாலே வெள்ளம் என்று கணக்கு. அன்றைக்கு உடைந்தது வால்மையருக்கு நேர் எதிரே இருந்த கரை அல்ல. வடக்கே கொலம்பியா பக்கத்துக் கரை உடைந்து, தண்ணீர் சமவெளி வழியாகத் தெற்கே இறங்கி ஊருக்குள் வந்தது. அது ஆற்றுக்குத் திரும்ப முடியாமல் கரைகளுக்கு உள்ளேயே நின்றது. இன்னும் தெற்கே, 1722-லிருந்து இருக்கும் பிரெய்ரி டு ரோஷே ஊரைக் காப்பாற்ற, அங்கிருந்தவர்கள் தங்கள் ஆற்றுக்கரையைத் தாங்களே வெட்டித் தண்ணீரை ஆற்றுக்குள் விட்டார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கும்.

வால்மையர்க்காரர்கள் தொள்ளாயிரம் பேர் கூடிப் பேசி ஊரையே மேட்டுக்கு மாற்ற முடிவு செய்தார்கள். பாதி மதிப்புக்கு மேல் சேதமான வீட்டை அதே இடத்தில் பழையபடி கட்ட மத்திய அரசின் வெள்ளச் சமவெளி விதி விடாது. அதனால் சுமார் 500 ஏக்கர் வாங்கி, பள்ளிக்கூடம், தேவாலயம், வீடு எல்லாம் புதிதாக எழுப்பினார்கள். கீழே பழைய ஊரில் தெருக்கள் இருக்கின்றன, வீடுகள் சிலதான் மிச்சம்.

என் நண்பர் வாங்கியது மேட்டில் அல்ல, கீழே சமவெளியில் ஒரு பழைய வீடு. விலை குறைவு, தோட்டம் பெரிது. தரைமட்டத்துக்கு அடியில் இருக்கும் கீழ்த்தளத்தில் (பேஸ்மென்ட்) கம்பளம் விரித்து, சுவர் பூசி, ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு என்று ஒரு அறையும் இருந்தது. நம் ஆட்கள் ஊரில் மனை வாங்கினால் பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் துருவிப் பார்ப்பார்கள். இங்கே அதைக் கடன் கொடுக்கும் வங்கியே பார்த்துக்கொள்ளும் என்று அவர் நம்பினார். வங்கி வெள்ளக் காப்பீடு கேட்கவில்லை. ஆகவே வெள்ளம் வராது என்று முடிவு கட்டிவிட்டார்.

பொறி இதுதான். மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில், ஆபத்து அதிகம் என்று குறித்த, ஏ என்று தொடங்கும் மண்டலத்தில் இருந்தால்தான் வங்கி வெள்ளக் காப்பீட்டைக் கட்டாயமாகக் கேட்கும். அங்கீகாரம் பெற்ற கரைக்குப் பின்னால் இருக்கும் நிலம் அந்தக் கட்டாயம் இல்லாத எக்ஸ் மண்டலத்தில் வந்துவிடும். கட்டாயம் இல்லை என்பதற்கு ஆபத்து இல்லை என்று பொருள் கிடையாது. ஏரியின் உள்வாயில் மனை போட்டுவிட்டு இந்த வருஷம் ஏரி காய்ந்துதானே கிடக்கிறது என்று சொல்வது மாதிரிதான் அது.

அவர் வீட்டுக்குத் தண்ணீர் வந்தபோது கரை உடையவே இல்லை. சமவெளியின் மேல்மண் களி, அடியில் மணல். ஆறு வாரக்கணக்கில் உயர்ந்து நின்றால் தண்ணீர் கரைக்கு அடியில் மணல் வழியாக ஊறி இந்தப் பக்கம் கொப்பளிக்கும். மேட்டிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீரும் மதகு மூடியிருப்பதால் ஆற்றுக்குள் போகாது. இரவில் மின்சாரம் போனது, கீழ்த்தளத்துக் குழியில் ஊறும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்பு நின்றது. காலையில் கம்பளம் மிதந்தது. அம்மாவுக்காக வாங்கி வைத்த தையல் இயந்திரம், கல்யாண ஆல்பம், எல்லாம் சேற்றுத் தண்ணீரில்.

வீட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒரு பக்கக் கடிதத்தில் கைவிரித்தது. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. பம்பு நின்று வரும் தண்ணீருக்கு, அந்தக் காப்பீட்டோடு கூடுதல் பாதுகாப்பு ஒன்றைத் தனியாக வாங்கியிருக்க வேண்டும். அதை வாங்கச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஆகவே இந்தப் பக்கம் வாங்குவதானால், மேடோ பள்ளமோ, வெள்ளக் காப்பீடு பற்றி முதல் நாளே விசாரியுங்கள். மத்திய அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரையும் பொருட்களுக்கு 1,00,000 டாலர் வரையும் எடுக்கலாம். வாடகைக்கு இருப்பவர்களும் பொருட்களுக்கு எடுக்கலாம். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் உடனே நடைமுறைக்கு வரும். பிறகு எடுத்தால் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். ஆறு ஏறுகிற செய்தியைப் பார்த்துவிட்டு ஓடினால் பலனில்லை. இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தத் திட்டம் கீழ்த்தளத்தில் வெப்பமூட்டி, தண்ணீர் சூடாக்கி, மின்பெட்டி போன்றவற்றுக்குத்தான் பணம் தரும். பூசிய சுவர், கம்பளம், கட்டில், பீரோ எதற்கும் தராது. கீழ்த்தளம் அழகாக இருக்கிறது என்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

வீட்டை விற்பவர், கீழ்த்தளத்தில் தண்ணீர் வந்தது தெரிந்தால் இல்லினாய் சட்டப்படி படிவத்தில் எழுதித் தர வேண்டும். ஆனால் இறந்தவரின் சொத்தாகவோ, வங்கி கைப்பற்றியதாகவோ விற்றால் அந்தப் படிவத்துக்கு விலக்கு உண்டு. நண்பர் வாங்கியது அப்படி இறந்தவர் ஒருவரின் வீடு.

மேட்டில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாட்டர்லூவைச் சுற்றிய நிலத்தில் பாறை கரைந்து விழுந்த குழிகள் ஏராளம். ஊருக்கு வெளியே கிணறும் கழிவுத் தொட்டியும் உள்ள வீடு என்றால் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குழி வழியே போகும் அழுக்கு நேராக நிலத்தடி நீரில் கலக்கும்.

அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் "தொண்ணூற்று மூன்றில் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். இந்த ஊர்க்காரர்கள் கூச்சப்படாமல் சொல்வார்கள், சிலர் சுவரில் கோடே காட்டுவார்கள். நண்பர் இப்போதும் அங்கேதான் இருக்கிறார். வெப்பமூட்டியை மேல்தளத்துக்கு ஏற்றிவிட்டார், பம்புக்கு பேட்டரி வைத்திருக்கிறார், அப்பா அம்மாவுக்கு மாடியில் அறை. ஆறு ஏறுவது பெரும்பாலும் வசந்தத்தில்தான். பம்பு வைத்திருப்பவர்கள் மார்ச் மாதமே அதன் குழியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.