கார் நடுக்கம்: ஜாக்கி போடுவதற்கு முன்

போன வாரம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், புது பிரேக் டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்து, துரு படிந்த ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் நடுப்பகுதி) மேல் அப்படியே மாட்டப் போனான். “டேய், நில்லு!” என்று கத்திவிட்டேன். பாவம், முகம் வாடிப்போயிற்று. அவனைச் சொல்லி என்ன பயன்? இதே வேலையைச் செய்து இரண்டு செட் டிஸ்க்கைக் கைக்காசில் வாங்கிக் கொடுத்தவன்தான் நானும்.

காற்றைப் பாருங்கள், ரிம்மில் ஒட்டிய சேற்றைக் கழுவுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். கார் நடுங்கினால் நாம் செய்யும் மற்றத் தவறுகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஓட்டிப் பார்க்காமல் கழற்றுவது

நடுக்கம் எப்போது வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. 80 முதல் 110 கி.மீ. வேகத்துக்குள் வந்து, அதைத் தாண்டினால் குறைந்தால் பெரும்பாலும் வீல் பேலன்ஸ்தான், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லை. ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின் சக்கரம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வந்தால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட்டைப் பாருங்கள். கார் நின்றபடியே நடுங்கினால் என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் போயிருக்கலாம், அல்லது ஏதாவது ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கலாம், அதாவது சரியாக எரியாமல் விடலாம்.

தாளத்தையும் கவனியுங்கள். 100 கி.மீ. வேகத்தில் சாதாரண கார் சக்கரம் நொடிக்குச் சுமார் 14 முறை சுற்றும், 3,000 ஆர்.பி.எம்மில் என்ஜின் 50 முறை. சக்கரத்தின் நடுக்கம் உலுக்கும், என்ஜினுடையது கிர்ரென்று அதிரும்.

அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தால் நடுக்கம் போய்விடும் என்பது

போகாது. அது கார் ஒரு பக்கம் இழுப்பதற்கான வைத்தியம்.

துருவின் மேல் புது டிஸ்க்

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கார் வந்தது. 90 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் கையில் உதறும். டிஸ்க், அதைப் பிடித்து நிறுத்தும் பேட் எல்லாம் புதிது போட்டேன். வெண்ணெய் மாதிரி நின்றது. சில மாதம் கழித்து அதே கார், அதே உதறல். டிஸ்க் மட்டமான சரக்கு என்று திட்டிவிட்டு என் காசில் இன்னொரு செட் போட்டேன். அதுவும் திரும்பி வந்தது.

மூன்றாம் முறை மூத்த மெக்கானிக் ஒருவர் டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பின் முகத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். கடுகளவு துருச் செதில் ஒன்று. ஒன்றும் சொல்லாமல் வயர் பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஹப்பில் 0.05 மி.மீ. தூக்கல் இருந்தால், டிஸ்க் அதைவிட அகலம் என்பதால், விளிம்பில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். அப்புறம் பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடில் உரசும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இப்படி ஓடினால் அந்த இடம் மட்டும் தேய்ந்து டிஸ்க்கின் தடிமன் மாறிவிடும். 0.02 மி.மீ. வித்தியாசமே உதறலுக்குப் போதும். மாட்டியவுடன் எல்லாம் சரியாக இருப்பதுதான் இதில் ஏமாற்று வேலை. குற்றம் டிஸ்க்கின் தலையில் விழுகிறது.

வயர் பிரஷ், எமரி பேப்பர், பத்து நிமிடம். அப்புறம் டிஸ்க்கை மாட்டி, நட்டுகளைப் போட்டு இறுக்கி, நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு துளை தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள்.

நட்டை வரிசையாக இறுக்குவது

எதிரெதிராக இறுக்குங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சை அலமாரியில் பூட்டி வைக்க வேண்டாம்.

பேலன்சிங் மெஷினில் ஜீரோ வந்தால் டயர் நல்லது என்று நம்புவது

20, 30 கி.மீ. வேகத்திலேயே ஸ்டியரிங் இடமும் வலமுமாக அசைந்தால் டயருக்குள் கம்பிப் பட்டை பிரிந்திருக்கலாம். எடையைச் சரிக்கட்டி மெஷின் ஜீரோ காட்டிவிடும். புடைப்பு அங்கேயே இருக்கும். கையால் தடவிப் பாருங்கள். புடைப்பு தட்டுப்பட்டால் அங்கேயே ஸ்டெப்னியை மாட்டுங்கள். அந்த டயரில் பட்டறை வரைகூட ஓட்டி வராதீர்கள்.