மேப்பிள் நடுகிறீர்களா? ஆழம் கூடாது
கனடாவில் வீட்டு முன்றிலில் நிழலுக்கு வைத்த சிவப்பு மேப்பிள், பத்துப் பதினைந்து வருடம் கழித்து உச்சிக் கிளையிலிருந்து காயத் தொடங்கினால் அடிமரத்தைப் பாருங்கள். அடி விரியாமல் கம்பம்போல மண்ணுக்குள் இறங்கியிருந்தால், உள்ளே வேர் தண்டைச் சுற்றி நெரித்துக்கொண்டிருக்கலாம். ஆழமாக நட்டால் வரும் வினை இது. மேப்பிளில் சர்வ சாதாரணம்.

நாற்றுத் தொட்டியின் மேல்மண்ணைச் சுரண்டி, தண்டு வேராக விரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். நட்டபின் அது வெளியே தெரிய வேண்டும். குழியின் அகலம் வேர்க்கட்டியைப்போல (வேரும் மண்ணும் சேர்ந்த உருண்டை) 2–3 மடங்கு. ஆழம் வேர்க்கட்டியின் உயரத்தைத் தாண்டக்கூடாது. வட்டமடித்த வேர்களைத் தயங்காமல் வெட்டுங்கள். மண்மேல் பரப்பும் மரச்சில்லு மூடாக்கு 5–8 செ.மீ. போதும், தண்டில் படாமல். பலர் குவித்து வைக்கிறார்கள்; பட்டை அழுகும்.

இலையுதிர்காலச் சிவப்பு வேண்டுமானால் நல்ல வெயில் படும் இடமாகப் பாருங்கள்.