அண்ணன் கையாலயே சுகர் டெஸ்ட்: எங்க வீட்ல பழக்குன விதம்

அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியாங்கிற மனநோய், அதுக்கு 16 வருசமா ஓலன்சபின் மாத்திரை சாப்பிடுறான், 3 வருசம் முன்னாடி சுகரும் வந்துருச்சு. அந்த மாத்திரை பசியக் கிளப்பும், வெயிட்டையும் சுகரையும் ஏத்தும். ராத்திரி 11 மணிக்கு அவன் சோத்துப்பானைய தொறந்தா அது கொழுப்பு இல்லங்க. அதுக்காக நீங்களா மாத்திரைய நிறுத்திராதீங்க, மனநல டாக்டர், சுகர் டாக்டர் ரெண்டு பேர்கிட்டயும் ரெண்டு சீட்டையும் காட்டுங்க.

1. சுகர் பாக்குற மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி, ரத்தத்த தொட்டு வைக்கிற ஸ்ட்ரிப் விலைய கேளுங்க. மெஷின சீப்பா குடுத்துட்டு ஸ்ட்ரிப்ல புடிச்சுருவாங்க. நம்பர் பெருசா தெரியணும், அவ்ளோதான். ஆப் வேணவே வேணாம், போன் தன்னை வேவு பாக்குதுன்னு நினைக்கிறவன்கிட்ட அத நீட்டி என்ன பண்ண? பால் கணக்கு எழுதுற காலண்டர்லயே அவனே எழுதுறான்.

2. கை கழுவுறது. நான் கோட்டை விட்டது இங்கதான். ஒருநாள் 312 காட்டுச்சு, நான் அழுது, அவனத் திட்டி, ஆட்டோ கூப்பிட கெளம்பியாச்சு. அப்புறம் பாத்தா மாம்பழம் சாப்பிட்டு கைய லுங்கில தொடச்சிருக்கான்! சோப்பு போட்டு கழுவி, நல்லா காயவிட்டு மறுபடி பாத்தா 146. ஸ்பிரிட் பஞ்ச நம்பாதீங்க, பழச்சாறு ஒட்டியிருந்தா அது பத்தாது.

3. குத்துறது. முதல் மாசம் நான்தான் குத்துனேன், "என் ரத்தத்த யாருக்கு அனுப்புற?"ன்னு கேட்டான். விளக்கம் சொல்லி ஒண்ணும் ஆகல. மறுநாள் புது ஊசி மாட்டி முதல்ல என் விரல்ல குத்திக் காட்டுனேன், அப்புறம் அவனுக்கு வேற ஊசி மாட்டி, குத்துற பேனாவ அவன் கையில குடுத்து, "அண்ணே, நீயே அமுக்கு"ன்னேன். பத்து நிமிசம் கழிச்சு டக்குனு சத்தம் கேட்டுச்சு. விரல் நுனியில நடுவுல வேணாம், ஓரமா குத்துனா வலி கம்மி.

4. சுகர் 70க்கு கீழ வந்தா 3 டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலக்கி குடுத்து, 15 நிமிசத்துல திரும்ப பாருங்க. மயங்கிட்டா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108தான். சுகருக்கு இன்சுலினோ க்ளிமிபிரைடு மாத்திரையோ எடுக்குறவங்க திடீர்னு வேர்த்து, நடுங்கி, கத்துனா "மனநோய் முத்திருச்சு"ன்னு முடிவு கட்டாம முதல்ல மெஷின எடுங்க.

அப்டேட்: லித்தியம் (இதுவும் மனநோய்க்கு குடுக்குற மாத்திரைதான்) சாப்பிடுற தன் தம்பிக்கு ஓயாம தாகம், சுகராதான் இருக்கும்னு கமெண்ட்ல ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. லித்தியம் சாப்பிட்டாலும் தாகமும் ஒண்ணுக்கும் அதிகமாகும்கா. சுகர் பாருங்க, நார்மலா இருந்தாலும் விட்றாம லித்தியம் எழுதுன டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா தண்ணிய மட்டும் குறைச்சிராதீங்க.